தோப்புக் கல்யாணம்: சோழவந்தான் பக்கம் நடந்த ஒரு கைவேலைத் திருமணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மணமக்கள் இருவரும் மதுரையில் வேலை பார்ப்பவர்கள். மண்டபம் வேண்டாம், பெண்ணின் பெரியப்பாவுக்குச் சோழவந்தான் பக்கம் இருக்கும் தென்னந்தோப்பிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடிவு செய்தார்கள். அவர்கள் விரும்பியது இதுதான்: உயர மேடையும் சிம்மாசன நாற்காலியும் கூடாது, வந்தவர்கள் அவசரமில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போக வேண்டும், அலங்காரம் முழுக்க வீட்டார் கையால் செய்ததாக இருக்க வேண்டும்.

சுங்குடித் துணி, பனையோலை, மண்பானை. இந்த மூன்றை வைத்தே மொத்த அலங்காரமும் என்று தீர்மானித்தார்கள். சுங்குடி மதுரையின் சொந்தச் சரக்கு. பானைக்கு மானாமதுரை பக்கத்திலேயே இருக்கிறது. பனையோலை கேட்டால் கிடைக்கிற ஊர். மூன்றும் வாடாத பொருள்கள் என்பதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பின்னால் இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றியதும் அதுதான், அதை மறந்த இடங்களில் இடித்ததும் அதுதான்.

160 வீடுகளுக்கு அழைப்பு. வீட்டுக்கு இரண்டரைப் பேர் என்று வைத்து 400 பேர் என்ற கணக்கு. இதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. மண்டபத்தில் நடக்கும் கல்யாணத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர் வரமாட்டார். ஊருக்குள் தோப்பில் வைத்தால் ஊரையே அழைத்தாக வேண்டும், அழைக்காவிட்டால் அது மனத்தாங்கலாகும். பெரியப்பா சொன்ன பிறகு இன்னும் 60 பேரைச் சேர்த்தார்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு கவலை. தாய்மாமன் சீர்த்தட்டு எந்த வழியாக வரும், மொய் எங்கே எழுதுவது? இளையவர்கள் இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

நாள் பார்த்தது

ஐப்பசியும் கார்த்திகையும் மதுரைக்கு அடைமழைக் காலம், வெட்டவெளிக்கு ஆகாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பதில்லை. சித்திரை, வைகாசியில் வெயிலோடு சாயங்காலச் சூறைக்காற்றும் கோடை மழையும் வரும், பந்தல் துணி பறக்கும். இவர்கள் எடுத்துக்கொண்டது தையும் மாசியும். தை முதல் வாரம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டோடு போய்விடும். அலங்காநல்லூர் பக்கத்திலேயே இருப்பதால் அந்த வாரம் பந்தல்காரர், நாற்காலி வாடகைக்காரர், வேன் எதுவும் கைக்கு வராது. தைப்பூசத்தன்று வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா, சாலையெங்கும் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம். இரண்டையும் தவிர்த்து, தைக் கடைசியில் காலை 7.30 முதல் 9 மணி வரையிலான முகூர்த்தத்தைக் குறித்தார்கள்.

நல்ல தேர்வு. மழை பயம் இல்லை, பதினொரு மணி வரை வெயிலும் சுடாது. ஆனால் தை என்றால் பனி. அதைப் பூ விலையில் கணக்கிட்டார்கள், மற்றவற்றில் கணக்கிடவில்லை.

பூ விஷயம் இப்படிப் போனது. மணவறைக்குப் பின்னால் முழுத் திரையாக மல்லிகைச் சரம் தொங்க வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து அடியோடு குறையும். அதோடு முகூர்த்த நாளும் சேர்ந்தால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை பல மடங்கு ஏறிவிடும். விலை ஒருபுறம் இருக்க, மொட்டாகக் கட்டிய மல்லிகை அன்று மாலை மலர்ந்து மறுநாள் காலையில் நிறம் மங்கிவிடும். காலை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லிகையைத் தொங்கவிட்டால் வாடிய திரைதான் இருக்கும். ஆகவே மல்லிகையை மாலைக்கும் தலைக்கும் மட்டும் என்று சுருக்கினார்கள். திரைக்குச் சுங்குடித் துணி, ஓரங்களுக்குச் செவ்வந்தியும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும். செவ்வந்தி இரண்டு நாள் தாங்கும்.

தோப்பைப் பார்த்தபோது தெரிந்தவை

தென்னை 25 அடிக்கு ஒன்றாக, ஏக்கருக்கு சுமார் 70 மரம் என்ற வழக்கமான நடவு. இந்த 25 அடிதான் எல்லா அளவையும் தீர்மானித்தது. இரண்டு வரிசைக்கு நடுவே 20 அடி அகலப் பந்தல்தான் போட முடியும், மரத்தில் இடிக்காது. பந்தல்காரர்கள் வேலை சுலபம் என்று கயிற்றை மரத்திலேயே இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் மரம் ஆடும்போது பந்தலும் கூடவே இழுபடும். மரத்தில் ஒரு கயிறுகூடக் கட்டக்கூடாது, சவுக்குக் கம்பங்கள் தனியாக நிற்க வேண்டும், குழி இரண்டடி ஆழம், மரத்தடியிலிருந்து ஆறடி தள்ளி என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். ஆறடிக்குள் தோண்டினால் வேர் அறுபடும்.

தோப்பில் உண்மையான ஆபத்து தலைக்கு மேலே. முற்றிய காயும் காய்ந்த மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பத்து நாள் முன்னதாக மரம் ஏறுகிறவர்களை வைத்து, பந்தல், பாதை, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைச் சுற்றியிருந்த மரங்களில் முற்றிய காய், பாதி முற்றிய காய், காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை அனைத்தையும் இறக்கினார்கள். வழக்கமான வெட்டில் பாதி முற்றியதை விட்டுவைப்பார்கள், இங்கே விடவில்லை. இறக்கிய நல்ல காய் தாம்பூலப் பைக்குப் போயிற்று. ஏறியவர்தான் ஒரு மரத்தில் தேன்கூடு இருப்பதையும் சொன்னார். கீழே முப்பது அடி தூரத்தில் விறகு அடுப்பு போடுவதாக இருந்தது. புகை எழுந்தால் தேனீ கலையும். தேன் எடுக்கிறவரை இரவில் வரவழைத்துக் கூட்டை மாற்றினார்கள், அடுப்பையும் தோப்பின் மேற்கு ஓரத்துக்கு நகர்த்தினார்கள். அதே காரணத்துக்காக வெடி வேண்டாம் என்றும், டிரோன் படம் எடுப்பதானால் மர உயரத்துக்கு நன்றாக மேலே என்றும் சொல்லிவைத்தார்கள்.

தரை அடுத்தது. வட்டப் பாத்திகளும் வாய்க்காலும் நிறைந்த தரை. பாய்ச்சலை 12 நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். ஈரம் இருந்தால் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மண்ணில் இறங்கும், வயதானவர் உட்கார்ந்ததும் சாயும். பாதைக்கு மட்டும் எட்டடி அகலத்தில் டிராக்டரால் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, உருளை விட்டார்கள். எட்டடி என்பது சீர்த்தட்டு ஏந்தி இரண்டு பேர் இணையாக நடக்கத் தேவையான அகலம். தாய்மாமன் சீர் வழி இதோடு தீர்ந்தது. மொய் மேசை இன்னும் பேச்சில் வரவில்லை.

வண்டிக்கு: 40 கார் வரும் என்று வைத்தால், திருப்புகிற இடம் சேர்த்துக் காருக்கு 270 சதுர அடி. மொத்தம் 10,800 சதுர அடி, அதாவது 25 சென்ட். பக்கத்து வயல் அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்தது, கேட்டு வாங்கினார்கள். மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு பஸ் வைத்ததால் கார் எண்ணிக்கை மட்டுப்பட்டது.

முகூர்த்தக்கால் நாளில் ஒரு சோதனை

முகூர்த்தக்கால் ஊன்றும் நாளை இவர்கள் பயன்படுத்திய விதம் எல்லோரும் எடுத்துக்கொள்ளத் தக்கது. எப்படியும் குடும்பம் முழுக்க அன்று காலையில் தோப்பில் இருக்கும். ஆகவே மணவறை வரும் இடத்தில் பாய் விரித்து, மணமக்களுக்குப் பதிலாக இரண்டு பேரைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, 7.30 மணி முதல் 9 மணி வரை கவனித்தார்கள். இரண்டு விஷயம் தெரிந்தது.

முதலாவது, வெயில். அந்த மாதத்தில் எட்டு மணிச் சூரியன் தாழ்வாகத்தான் நிற்கும். கிழக்கு முகப்பு பத்தடி உயரம் என்றால் வெளிச்சம் அதைப்போல் மூன்று மடங்கு தூரம், கிட்டத்தட்ட முப்பது அடி, உள்ளே பாயும். கிழக்குப் பார்த்து உட்காரும் இருவரும் கண்ணைத் திறக்க முடியாது. இதைக் கூரையால் மறைக்க முடியாது. முகப்பில் தரையிலிருந்து ஆறடிக்கு மேல் பத்தடி வரை சுங்குடித் துணித் தட்டி ஒன்று கட்ட முடிவு செய்தார்கள். கீழே ஆறடி திறந்திருப்பதால் வழியும் காற்றும் தடைபடவில்லை.

இரண்டாவது, பார்வை. தரையில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் இரண்டரை அடி, நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டம் நாலடிக்குக் கிட்ட. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தாலி கட்டுவது தெரியாது, எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மேடையே வேண்டாம் என்றவர்கள் இங்கே இறங்கிவந்து ஒன்றரை அடி உயர மண் திண்ணைக்குச் சம்மதித்தார்கள். 16 அடிக்கு 12 அடி, ஒன்றரை அடி உயரம் என்றால் 288 கன அடி, சுமார் மூன்று யூனிட் மண். இடித்துக் கெட்டிக்கும்போது அமுங்கும் என்பதால் நாலு யூனிட் இறக்கினார்கள். ஓரத்தில் செங்கல் அடுக்கி, அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து, கடைசியில் சாணம் மெழுகினார்கள். இது காய ஒரு வாரம் வேண்டும். முந்தின நாள் செய்கிற வேலை இல்லை.

பந்தலும் தீயும்

கீற்றுப் பந்தல்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். தோப்புக்கு அதுதான் அழகு, நிழலும் குளிர்ச்சி. ஆனால் 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பற்றி மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட்டு இந்த முடிவை யாரும் எடுக்கக்கூடாது. எடுத்த முடிவு: ஓமம் வளர்க்கும் மணவறைக்கும் ஆட்கள் அடர்த்தியாக உட்காரும் இடத்துக்கும் துணிப் பந்தல், அதுவும் ஓமத்துக்கு நேர் மேலே 12 அடி உயரம். பந்தி நடக்கும் இடத்துக்கு மட்டும் கீற்று, நாலு பக்கமும் திறந்தபடி. கீற்றைத் தொட்டு ஒரு ஒயர்கூடப் போகக்கூடாது, விளக்குச் சரங்கள் தனிக் கம்பங்களில். அடுப்பு பந்தலிலிருந்து 60 அடி தள்ளி. பந்தலின் நாலு மூலையிலும் தண்ணீர் டிரம், மணல் வாளி, ஜெனரேட்டர் பக்கமும் சமையல் பக்கமும் தீயணைப்பு உருளை.

மின்சாரம், தண்ணீர், கழிப்பறை

தோப்பில் விவசாய மோட்டாருக்கான இலவச மின் இணைப்பு இருந்தது. பலரும் அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள். அது பாசனத்துக்கென்று கொடுத்த மின்சாரம், விழாவுக்கு எடுப்பது விதிமீறல், பிடிபட்டால் அபராதம் தோப்புக்காரர் தலையில் விழும். இவர்கள் அதைத் தொடவில்லை. ஒலிபெருக்கி 3 கிலோவாட், விளக்கு 2, மின்விசிறி 4, கிரைண்டர் இரண்டும் சேர்த்து 3, மொத்தம் 12 கிலோவாட். 15 கேவிஏ ஜெனரேட்டர் தருவதே 12தான், கிரைண்டர் புறப்படும்போது திணறும். அதனால் 25 கேவிஏ எடுத்தார்கள். சமையல், பந்தல், ஒலிபெருக்கி என்று மூன்று தனித் தொடர், ஒவ்வொன்றுக்கும், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நடக்கிற இடத்தில் இந்தச் சுவிட்ச் இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கினார்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதால் விடியலில் நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே வாசித்தார்கள். வெட்டவெளியில் அதற்கு மைக் தேவையும் இல்லை.

குடிக்க 20 லிட்டர் கேன் 45. கை கழுவவும் கழிப்பறைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு, சமையலுக்குத் தனித் தொட்டி, கூடவே நிரப்ப ஒரு லாரித் தண்ணீர். கழிப்பறை எட்டு: பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு மூன்று. அதில் இரண்டு உட்காரும் வகை, கைப்பிடியோடு. பந்தலிலிருந்து 150 அடிக்குள், விளக்கு போட்ட வழியில். இதில் குறை சொல்ல எதுவும் நேரவில்லை. வாடகை அதிகம்தான், ஆனால் சேலை கட்டிய பெண்களும் மூட்டு வலிக்காரர்களும் நிம்மதியாக இருந்ததற்கு இந்தச் செலவே காரணம்.

கைவேலையைப் பிரித்த விதம்

மூன்று மாதம் முன்பே வேலை தொடங்கிற்று. பனங்குருத்தை வாங்கி நிழலில் உலர்த்தி, 400 சிறு விசிறிகள் முடைந்தார்கள், வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. வழிகாட்டிப் பலகை, பந்தி மேசைக் குறி எல்லாம் ஓலையிலும் துணியிலும். அரக்கிலும் மாம்பழ மஞ்சளிலும் 90 மீட்டர் சுங்குடி எடுத்து முக்கோணமாக வெட்டித் தைத்து 600 அடி தோரணம் செய்தார்கள். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை, அதில் சணல் நூலால் பெயர்க் குறி. மானாமதுரைப் பானை 40. புதுப் பானையில் தண்ணீர் கசிந்து மேசைத் துணி நனையும் என்பதால் உள்ளே ஒரு டம்ளர் வைத்து அதில் பூ. இவ்வளவும் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே முடிந்து பெட்டியில் இருந்தன. சிரமமே தெரியவில்லை.

இடறியது மற்ற பட்டியலில். குருத்தோலைத் தோரணம், மாவிலை, தரைக்கோலம், பானையில் பூ, மணவறை ஓரப் பூ, தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கு வைப்பது. இவையும் வீட்டார் செய்கிறதாகவே எழுதியிருந்தது. யாருக்கு எது வரும் என்று திறமையைப் பார்த்துப் பிரித்தார்களே தவிர, எந்த வேலை எப்போது செய்தாக வேண்டும் என்று பார்த்துப் பிரிக்கவில்லை. குருத்தோலை முந்தின சாயங்காலத்துக்கு முன் கிழித்தால் சுருளும். வெற்றிலை முந்தின நாளே பைக்குள் போனால் வேர்த்துக் கறுக்கும். சோழவந்தான் வெற்றிலை மெல்லிசு, இன்னும் சீக்கிரம் கெடும். ஆக ஆறு வேலையும் கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தில் வந்து விழுந்தன. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் வீட்டாருக்கு நலங்கு, சீர் அடுக்குவது, வந்த உறவை வரவேற்பது, தூங்குவது எல்லாம் இருக்கிறது.

முந்தின இரவும் கல்யாணக் காலையும்

இரவு எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் குருத்தோலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது மணிக்கு 300 நாற்காலியையும் வரிசையாகப் போட்டு வெள்ளை உறை மாட்டி, திறந்தவெளிப் பக்கமும் சுங்குடித் தோரணத்தைக் கட்டி முடித்தார்கள். படுத்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது.

காலை நாலரைக்குப் பனி நன்றாக இறங்கியிருந்தது. புதுச் சுங்குடியைத் தைக்கும் முன் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசவில்லை. அரக்குச் சாயம் பனியில் இறங்கி, கீழே இருந்த அறுபதுக்கு மேற்பட்ட வெள்ளை உறைகளில் சொட்டியது. பந்தலுக்கு வெளியே இருந்த நாற்காலி எல்லாம் ஈரம். துடைக்கத் துணி எடுத்துவைக்கவில்லை. முதல் பஸ்ஸில் வந்தவர்கள் இருபது நிமிடம் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வாசலில் வைத்திருந்த பருத்திப்பால் கைகொடுத்தது. குளிரில் சூடாக ஒரு டம்ளர் குடித்துக்கொண்டு நின்றதால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஏழு மணிக்குக் கைவேலைக் குழுவில் ஏழு பேர் இன்னும் குளிக்கவில்லை. பானைப் பூ பாதிதான் முடிந்திருந்தது. இந்த இடத்தில் பெண்ணின் பெரியப்பா எடுத்த முடிவு சரியானது: மீதிப் பானைகளை அப்படியே எடுத்து மறைவில் வைத்துவிட்டு எல்லோரையும் குளிக்க அனுப்பினார். நாற்பதில் பதினெட்டுப் பானை மேசைக்கு வரவேயில்லை. ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

தாலி கட்டும் நேரம் வந்தது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டார். மற்ற இரண்டு முடிச்சு போட நாத்தனார் வேண்டும். அவர் தாம்பூல மேசையில் வெற்றிலையை எண்ணிக்கொண்டிருந்தார். ஓடிப் போய்க் கூட்டிவர ஐந்து நிமிடம் ஆயிற்று. முகூர்த்தம் ஒன்பது வரை இருந்ததால் குறையில்லை. ஆனால் சொந்தத் தம்பி தாலி எடுத்த கணத்தை அவர் பார்க்கவில்லை. இந்த ஆய்வில் பதிவான எல்லாப் பிசகிலும் பெரியது இதுதான், மற்றதெல்லாம் துணியும் நாற்காலியும்.

தாலி முடிந்ததும் மொய். மேடை இல்லை, ஏறி இறங்கும் படி இல்லை, ஆகவே எங்கே போய் வாழ்த்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. திண்ணையைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் கூடினார்கள். மொய் நோட்டுடன் இருந்தவர்கள் கடைசி நேரத்தில் கிடைத்த இடமாகப் பந்தி வாசலில் மேசை போட்டிருந்தார்கள். மொய் வரிசையும் பந்தி வரிசையும் ஒரே வாயிலில் முட்டின, வரிசையின் வால் வெயிலில் நின்றது. நாற்பது நிமிடம் கழித்து மேசையைப் பாதையின் நடுவில் பெரிய மர நிழலுக்கு மாற்றி, திண்ணையின் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கும்படி இரண்டு பேரை நிறுத்தியதும் சீராயிற்று.

பந்தி

ஒரே நேரத்தில் 100 பேர் உட்காரும் ஏற்பாடு. காலைப் பலகாரத்துக்கு ஒரு பந்தி எழ முப்பது நிமிடம், அடுத்தது விரிக்க ஐந்து நிமிடம். தாலி முடிந்து ஒரு மணி நேரத்தில் எல்லோரும் பசியோடு வருவார்கள், அதற்குள் இரண்டு பந்திதான் ஆகும். வந்தவர்களோ 430 பேர். முகூர்த்தத்துக்கு முன்பே ஆறரை மணிக்கு ஒரு பந்தி போட்டு ஊர்க்காரர்களையும் பஸ் ஓட்டுநர், மேளக்காரர், வேலையாட்களையும் சாப்பிடவைத்தது நல்ல யோசனை. அப்படியும் ஒன்பதரை மணிக்கு இலைக்குப் பின்னால் ஆள் நின்று இடம் பிடிக்கும் நிலை வந்தது. நிதானமான கல்யாணம் என்று அழைத்துவிட்டு, சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஆளை நிற்கவைப்பது தகாது.

மதியச் சாப்பாட்டில் இந்த நெருக்கம் இல்லை. கிலோவுக்கு ஒன்பது பேர் கணக்கில் 45 கிலோ அரிசிக்குச் சொல்லியிருந்தார்கள். பலகாரம் தாமதமானதால் மதியம் பசி குறைவு, ஐம்பது பேர் சாப்பிடாமலே கிளம்பினார்கள். சமையல் மாஸ்டர் அரிசியை ஒரேயடியாக உலையில் போடாமல் மூன்று தவணையாக வடித்ததால் கடைசித் தவணை 12 கிலோ அரிசி மூட்டையிலேயே நின்றது, சோறு வீணாகவில்லை.

கிரைண்டர் ஒயர் ஈரத்தில் கிடந்ததால் சமையல் தொடரின் கசிவுத் தடுப்பு சுவிட்ச் ஒருமுறை விழுந்தது. தனித் தொடர் என்பதால் பந்தலில் யாருக்கும் தெரியவில்லை.

முடிவில்

விரும்பியதில் பெரும்பகுதி நடந்தது. இரண்டு மணி வரை பலர் பாய் விரித்து மரத்தடியில் இருந்தார்கள். மண்டபத்தில் சாப்பிட்டதும் கிளம்புகிறவர்கள் இங்கே நின்று பேசினார்கள். ஓலை விசிறியை அநேகமாக எல்லோரும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். செலவு மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் பலிக்கவில்லை. மண்டப வாடகை மிச்சமான இடத்தில் ஜெனரேட்டர், கழிப்பறை, தண்ணீர், தரைச் சமன், மரம் ஏறும் கூலி ஆகியவை வந்து உட்கார்ந்தன. மிச்சமானது அலங்காரச் செலவு மட்டும். காசு குறைக்க மட்டும் தோப்பை நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். மண்டப ரசீது இருக்காது என்பதை முன்பே யோசித்து, அழைப்பிதழில் தோப்பு இருக்கும் கிராமம், வட்டம் இரண்டையும் சரியாக அச்சிட்டிருந்தார்கள். பதிவு சிக்கலில்லாமல் முடிந்தது.

மாற்ற வேண்டியவை

வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, "இதை எத்தனை நாள் முன்பு முடித்து வைக்கலாம்?" என்ற ஒரு கட்டம் வேண்டும். இரண்டு நாளும் அதற்கு மேலும் தாங்குவதெல்லாம் வீட்டார் கைக்கு. ஒரு நாள்கூடத் தாங்காதவை கூலி ஆளுக்கு, அல்லது பட்டியலிலிருந்தே நீக்க வேண்டியவை. குருத்தோலையும் பூவும் கட்ட மாலைக்காரர்கள் நாலு பேரை விடியற்காலை மூன்று மணிக்கு வரச்சொன்னால் ஆறு மணிக்குள் முடித்துவிடுவார்கள். வெற்றிலையைப் பையில் போடாமல், வாசலில் தட்டில் வைத்து, தேங்காய் மட்டும் உள்ள பையோடு கையில் கொடுக்கலாம். முந்தின இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டார் யாரும் அலங்காரத்தைத் தொடக்கூடாது, முடியாதது முடியாததாகவே இருக்கட்டும். தாலி நேரத்தில் யார் யார் திண்ணைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பெயர் எழுதி, அவர்களுக்கு ஆறு மணிக்கு மேல் எந்த வேலையும் தரக்கூடாது.

சுங்குடியை வெட்டுவதற்கு முன்பே கல் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, அலசின தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். தையிலும் மாசியிலும் திறந்தவெளி நாற்காலியை இரவில் அடுக்கியே வைத்து, ஐந்தரைக்கு மேல் விரிக்க வேண்டும். அப்படியும் உலர்ந்த துண்டு முப்பது கைவசம் இருக்கட்டும்.

பந்தி இருக்கை, வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். இங்கே 150. இடமில்லை என்றால் முகூர்த்தத்துக்கு முன் இரண்டு பந்தி போட வேண்டும்.

மொய் மேசைக்கு இடம், முகூர்த்தக்கால் நாளிலேயே கோலமாவில் குறிக்க வேண்டும்: பாதையின் பாதியில், நிழலில், பந்தி வாசலிலிருந்து குறைந்தது நாற்பது அடி தள்ளி, இரண்டு நோட்டு, இரண்டு வீட்டாருக்கும் தனித்தனியாக.

தோப்பைத் திருப்பிக் கொடுக்கும் வேலைக்கும் கூலியாட்களை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இங்கே கம்பக் குழிகளை மூடவும், ஆணி, கம்பித் துண்டு பொறுக்கவும், எச்சில் இலையோடு கலந்துபோன கயிற்றைப் பிரிக்கவும் மூன்று நாள் ஆனது. அந்த இலையை மாடு தின்னும் என்பதால் பிரிக்காமல் கொட்ட முடியாது. இலைக்கு ஒரு குழி, மற்றதுக்கு ஒரு சாக்கு என்று பந்திக்குப் பின்னால் முதலிலேயே வைத்திருந்தால் அது அரை நாள் வேலை. திண்ணையை மட்டும் பெரியப்பா இடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காய் குவிக்க அது உதவுகிறது.